ஒரு இடம் தள்ளி

பல்லடம் ரோட்டில் இருந்தது ஆத்தப்பனின் பனியன் கம்பெனி. அங்கே கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறவள் வேல்விழி. அதே கம்பெனியில் கீழே, தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில், அவளுடைய அம்மா ராக்கம்மாள். மானாமதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம்.

ஆர்டரின் அளவுகளை வேல்விழி கம்ப்யூட்டரில் ஓர் அரேயில், அதாவது வரிசைப் பட்டியலில், வைத்திருந்தாள். எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று பெயரைச் சொன்னால் அந்த அளவில் எத்தனை சட்டை என்று வரும். முதலாளியின் மகள் அக்ஷரா படிப்பு முடிந்து ஆபீசுக்கு வந்ததும், கழுத்து லேபிள் அச்சடிக்கும் புரோகிராமைத் தானே எழுதுவதாகச் சொன்னாள்.

"பேரெல்லாம் எதுக்குங்க அக்கா? ஒண்ணாவது, ரெண்டாவதுன்னு இடத்தைச் சொன்னா வர்ற மாதிரி பண்ணிக் குடுங்க. எனக்கு அதுதான் ஈஸி."

"ஆர்டர் குடுக்கற பையர் புதுசா ஒரு அளவை முன்னாடி சேர்த்தா எல்லாம் ஒரு இடம் தள்ளிப் போயிரும் மேடம். ஒண்ணாவது எஸ்ஸா இருக்காது."

"எப்பவும் எஸ்தானுங்க முதல்ல வருது. உங்களுக்குப் பேரு, எனக்கு நம்பர். ரெண்டும் இருக்கட்டுமே."

ஆத்தப்பனும் சொல்லிவிட்டார்: "பாப்பா கேக்கறதைப் போட்டுக் குடுத்துருங்க கண்ணு." வேல்விழி போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த சீசனில் பையர் எஸ்ஸைவிடச் சின்னதாக எக்ஸ்எஸ் கேட்டான். அது எல்லாவற்றுக்கும் முன்னால் போய் உட்கார்ந்தது. பெயரைச் சொல்லி எண்ணிக்கை எடுத்ததால் துணி கட்டிங் சரியாக நடந்தது. அக்ஷராவின் லேபிள் மட்டும் ஒண்ணாவது எஸ் என்றே நினைத்துக்கொண்டிருந்தது. எக்ஸ்எஸ் சட்டையில் எஸ் என்று தைத்தார்கள். எஸ்ஸில் எம், எம்மில் எல். கடைசியில் எக்ஸ்எல் கட்டுகளுக்கு லேபிளே வரவில்லை என்று தையல்காரர்கள் வந்து கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது.

ஆத்தப்பன் சத்தம் போடவில்லை. "என்னுங்க கண்ணு, இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க? உங்களை நம்பித்தானுங்களே உட்டேன்."

"சார், லேபிள் புரோகிராம் நான்..."

"அக்காதானுங்கப்பா அரேயை ரெண்டு விதமாவும் எடுக்கற மாதிரி வெச்சாங்க," என்றாள் அக்ஷரா, போனைப் பார்த்தபடி.

அது பொய்யில்லை.

தைத்த லேபிள்களைப் பிரிக்கும் வேலை செக்கிங் பெண்கள் தலையில் விழுந்தது. ட்ரிம்மர் கத்தரியை வைத்து ஒவ்வொரு நூலாக அறுக்க வேண்டும். கை தவறினால் கழுத்தில் ஓட்டை. "ஒம் மக பண்ணுன வேலையாமே," என்று பக்கத்திலிருந்த மூக்கம்மாள் சொன்னாள். ராக்கம்மாள் ட்ரிம்மரை வைத்துவிட்டு எழுந்து மாடியிலிருந்த முதலாளி அறைக்குப் போனாள்.

அறையின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து வேல்விழி பார்த்தாள். அம்மா ஆத்தப்பன் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டு நின்றாள். ஆத்தப்பன், "அட, உடுங்க அம்மிணி, பாத்துக்கலாம்," என்று பெருந்தன்மையோடு சிரித்தார். பக்கத்தில் அக்ஷராவும் இருந்தாள்.

படிக்கட்டில் அம்மாவை மறித்தாள் வேல்விழி. "நான் பண்ணலம்மா."

"தெரியும் தாயி."

"தெரிஞ்சுமா கும்பிட்ட?"

"நீ பண்ணலன்னா அந்தப் புள்ளதான் பண்ணிருக்கணும். அதைச் சொல்லிப்புட்டு நாம இங்க இருக்க முடியுமா?"

வேல்விழிக்கு அக்ஷராமேல் வந்த கோபத்தைவிட அம்மாமேல்தான் அதிகம் வந்தது. அன்றைக்கே வேலையை விட்டாள். "போற எடத்துல நல்லா இருங்க கண்ணு," என்று ஆத்தப்பன் டீ வரவழைத்துக் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை.

ராக்கம்மாள் வேலையை விடவில்லை. சாயங்காலம், லேபிள் பிரித்துச் சிவந்த விரல்நுனிகளோடு வீட்டுக்கு வந்தாள். சோறாக்கி, தட்டை மகள் முன்னால் வைத்தாள்.

"நீ பாட்டுக்கு விட்டுட்டு வந்துட்ட," என்றாள். "பெறகு யாருக்காகடி நான் கும்பிட்டேன்?"

வேல்விழி தட்டைத் தள்ளி வைத்தாள்.