ரெகினா உப்புக் கேட்டு வந்தாள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உருளைக்கிழங்கு அடை வார்த்துக்கொண்டிருந்தேன். என் தங்கை மகன் கஸ்துஸ் நின்றபடியே தின்றுகொண்டிருந்தான். உரத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தத்தைத் தொடங்கிவைத்தவன் என்று போலீஸ் அவனைத் தேடியது. பொழுது சாய்ந்ததும் ஒரு கார் வரும். எல்லை தாண்டி லித்துவேனியாவில் கொண்டுபோய் விடும். அதுவரை அவன் என் வீட்டில் இருப்பது வெளியே தெரியக் கூடாது.

“தேர்தல்ல எண்பது சதவீதமாம் பெரியம்மா, உங்க ஆளு ஜனாதிபதிக்கு. எங்க பட்டறையில ஒருத்தன்கூடப் போடல. அந்த எண்பதும் எங்கதான் ஒளிஞ்சிருக்கு?”

“என் ஆளுன்னு சொல்லாதடா.”

“பின்னே? பிரெட் கடை வரிசையில நின்னு, ‘திருடனையெல்லாம் உள்ள தள்ளுவார், இவருக்கே போடுங்க’ன்னு கத்தினது யாரு? எனக்கு ஏழு வயசு. உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.”

“நம்பித்தான் கத்தினேன். திருடனை விட்டுட்டு உன்னைத் தள்ளுவார்னு கண்டேனா?”

கதவு தட்டப்பட்டது. கஸ்துஸ் தட்டோடு பின்னறைப் பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இறுகச் சாத்திக்கொண்டான்.

எதிர்வீட்டு ரெகினா. அன்று அந்த வரிசையில் என்னோடு சேர்ந்து கத்தியவள். இன்னமும் அவரைத்தான் நம்புகிறாள். அதற்காக நாங்கள் முகம் திருப்பிக்கொண்டதில்லை. அவள் புருஷன் செத்த வருஷம் முழுக்க அவளுக்கும் சேர்த்து என் அடுப்புதான் எரிந்தது.

“ஸ்தெஃபா, ஒரு பிடி உப்புக் குடுடி.”

எடுத்துவந்து நீட்டப்போனேன். கை தானாக நின்றது. வாசற்படிக்கு மேலாக ஒரு பொருளைக் கைமாற்றினால் சண்டை வரும் என்று எங்கள் க்ரோத்னா ஊரில் பச்சைக்குழந்தைக்கும் தெரியும்.

“உள்ள வந்து வாங்கிக்கோடி. நமக்குள்ள சண்டை எதுக்கு?”

என் வாயாலேயே கூப்பிட்டேன்.

உள்ளே வந்தவள் குனிந்து பார்த்தாள். கதவோரம் கஸ்துஸின் ஷூ.

“அடியம்மா, படகு மாதிரி இருக்கே! இந்த வயசுல யாருடி?”

“குழாய் ரிப்பேர்க்காரன்.”

“ஞாயித்துக்கெழமையிலயா? குடுத்துவெச்சவ!” பின்னறைப் பக்கம் எட்டிப் பார்த்துக் கண்ணடித்தாள். ஓர் அடையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு போனாள். நானும் சிரித்தேன்.

திரும்பி வந்தாலும் வருவாள் என்று கஸ்துஸைக் கூப்பிடாமலே இருந்தேன். சட்டியில் இருந்த அடையைத் திருப்பிப் போடுவதற்குள் கதவு இடிபட்டது. ஊர்வலம் போகிறவர்களைப் பிடிக்க ஞாயிறு தவறாமல் எங்கள் முற்றத்தில் நிற்கும் போலீஸ் வண்டிக்காரர்கள். முகமூடி போட்டிருந்தார்கள்.

“குழாய் ரிப்பேர்க்காரர் எங்க பாட்டி?” என்றான் முன்னால் நின்றவன்.

அந்தப் பொய்யை நான் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தேன்.

கஸ்துஸைப் பால்கனியிலிருந்து இழுத்துவந்தார்கள். மறித்தேன், தள்ளிவிட்டுப் போனார்கள். படிக்கட்டில் கையை முறுக்கியபடி இறக்கும்போது கஸ்துஸ் தலையைத் திருப்பினான்.

“நேரா பால்கனிக்கு வந்தாங்களே பெரியம்மா. நீங்களா சொன்னீங்க?”

எதிர்க்கதவு திறந்திருந்தது. ரெகினா நின்றுகொண்டிருந்தாள்.

“நான் இல்லடா! ரெகினா, வாயைத் திறடி! யாரு சொன்னதுன்னு அவன்கிட்ட சொல்லுடி!”

மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள் ரெகினா:

“எதுக்குடி மறைக்கறே? தூக்கி வளர்த்த பிள்ளைன்னுகூடப் பார்க்காம நாட்டுக்காகக் காட்டிக் குடுத்திருக்கே. அன்னைக்கு மாதிரியே இன்னைக்கும் அவர் பக்கம்தான் நின்னிருக்கே, ஸ்தெஃபா!”

அதற்கப்புறம் கஸ்துஸ் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.