பானுப்ரியாவின் பலூனில் ஓட்டை

பானுப்ரியா குழுவின் பலூனை ஈவாஞ்சலின் டீச்சர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ரோஸ் நிற டிஷ்யூ பேப்பரில், ஒட்டிய ஓரங்களை ஒட்டியே பொடிப்பொடியாக ஓட்டைகள். நேற்று சாயங்காலம் லேபில் கட்டித் தொங்கவிட்டபோது ஒன்றுகூட இல்லை. இன்றைக்கு ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் வெப்பக்காற்று பலூன் விடும் நாள். உயரம், நேரம், ஒட்டுவேலை மூன்றிலும் மதிப்பெண் கூடுதலாக வாங்கும் குழு மாவட்டக் கண்காட்சிக்குப் போகும்.

பானுப்ரியா அழவில்லை. உடன்குடிக் கருப்பட்டி வியாபாரியின் மகள். சரக்கு கெட்டால் முதலில் ஆளைத் தேட வேண்டும் என்று வீட்டிலேயே படித்தவள்.

"மிஸ், இது யாரோ ஊக்க வச்சுக் குத்துனது. நேத்து கடைசியா இங்கன நின்னது அனுசியாதான்."

அனுசியா எதிர்க்குழு. நேற்று லேபைப் பெருக்கும் முறையும் அவளுடையது. எல்லோரும் அவள் தோளைப் பார்த்தார்கள். மற்றப் பெண்களின் துப்பட்டாவில் இரண்டு தோளிலும் ஊக்கு இருந்தது. அவளுக்கு இடது தோளில் மட்டும்தான்.

"இன்னொரு ஊக்கு எங்க?"

"தொலஞ்சிட்டு மிஸ்."

சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டாள். அது போதுமாக இருந்தது டீச்சருக்கு. பரீட்சை ஹாலில் பிள்ளைகள் பாவாடை ஓரத்தில் ஒளித்த பிட்டையே கண்டுபிடித்தவர் அவர். தன் கண் தப்பாது என்று ஆசிரியர் அறையில் அடிக்கடி சொல்லிக்கொள்வார். அனுசியாவின் பையை மேஜையில் கவிழ்த்தார். சோற்று டப்பா, நோட்டுகள், ஜாமெட்ரி பாக்ஸ். காம்பஸ் முனையைத் தடவிப் பார்த்தார். ரோஸ் துணுக்கு எதுவும் ஒட்டியிருக்கவில்லை. துடைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

"உங்க குழு இன்னைக்கு பலூன் விட வேண்டாம். எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு கிரவுண்ட்ல போய் ஓரமா நில்லு."

அனுசியா ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைத்தாள். அவள் குழுப் பெண்களே அவளை விட்டுத் தள்ளி நடந்தார்கள்.

மைதானத்தில் ஸ்டவ்வும் அதன்மேல் தகரக் குழாயும் தயாராக இருந்தன. பானுப்ரியா ஓட்டைகளை அடைக்க ஒரு பாட்டிலைத் திறந்தாள். உள்ளே பழுப்பாக ஏதோ இருந்தது.

"என்னது இது?"

"மைதாப் பசை மிஸ். கருப்பட்டிப் பாகு கலந்திருக்கேன். எங்க ஊர்ல பழைய வீட்டுச் சுவரெல்லாம் கருப்பட்டித் தண்ணி விட்டுக் குழைச்ச சுண்ணாம்புதான். இன்னும் அசையாம நிக்கு. காயிதம் நிக்காதா?"

கெட்டிக்காரி என்று டீச்சர் மனதுக்குள் ஒட்டுவேலைக்கு முழு மதிப்பெண் போட்டார். பலூனின் வாயைக் குழாய்மேல் பிடித்தார். காகிதம் மெல்ல உப்பியது. அப்போதுதான் மணிக்கட்டில் சுருக்கென்றது. பிறகு முழங்கையில். ஒட்டிய மடிப்புகளுக்குள்ளிருந்து, சூடு தாங்காமல், சிவப்பெறும்புகள் சாரிசாரியாக இறங்கி வந்தன.

டீச்சர் கையை உதறினார். பலூன் தரையில் விழுந்தது.

"சுண்ணாம்பு இருந்தா எறும்பு அண்டாது பிள்ள," என்றார். "பாகு கலந்த மைதாவ விடுமா? ஓட்டையெல்லாம் இதுங்க கடிச்சதுதான்."

பானுப்ரியா பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். ஓரத்தில் நின்ற அனுசியா சுடுமண்ணில் கால் மாற்றினாள். தூக்கிய ரப்பர் செருப்பின் அடியில் பளிச்சென்று ஒன்று மின்னியது. அறுந்த வாரை ஊக்கு குத்தி நிறுத்தியிருந்தாள். இத்தனை பேர் முன்னால் செருப்பைக் காட்டுவதைவிட ஊக்கு தொலைந்ததென்று சொல்வதே மேல் என்று நினைத்திருக்கிறாள். டீச்சருக்கு முகம் சுட்டது.

"நீ வா. உன் பலூன விடு."

வெறும் மைதா ஒட்டிய நீலப் பலூன். குழாயை விட்டதும் நேராக எழும்பியது. வேப்பமரத்தைத் தாண்டியது, மதிலைத் தாண்டியது. பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு மதிலை நோக்கி ஓடினார்கள். பானுப்ரியாவும் ஓடினாள்.

டீச்சர் தன் சேலைத் தோளிலிருந்து ஊக்கைக் கழற்றி அனுசியாவிடம் நீட்டினார். 

"வச்சுக்கோ."

"வேண்டாம் மிஸ். நாளைக்கு வேற எதுலயாவது ஓட்டை விழுந்தா?"

மதிலுக்கு அப்பால் உப்பளத்துப் பக்கமாகக் காற்று கிளம்பியது. ஊக்கில்லாத தோளில் துப்பட்டா பறந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கை பையின் ஜிப்பை இறுக்கிப் பிடித்திருந்தது. உப்புக் குவியல்களுக்கு மேலே சின்னதாகிக்கொண்டே போன நீலத்தை அவள் அப்படியே நின்று பார்த்தாள்.