கேட்காமல் போட்ட வீடியோ

பள்ளியிலிருந்து வந்த கடிதத்தை மதிவாணன் மூன்று முறை படித்தான். இணையத்தில் பாதுகாப்பாகவும் பொறுப்பாகவும் நடந்துகொள்வது எப்படி என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மாதமாகக் கற்று வருகிறார்களாம். கற்றதை வரும் சனிக்கிழமை அவரவர் பெற்றோருக்கு அவர்களே சொல்லித்தருவார்களாம். அப்பா, அம்மா இருவரில் ஒருவர் செல்போனோடு வர வேண்டும்.

அவர்களே சொல்லித்தருவார்கள் என்றால், மகள் பூவிழி தன்னோடு பேசித்தானே ஆக வேண்டும்?

"நான் போறேன்," என்றான் மனைவி மேனகாவிடம்.

"சனிக்கிழம உங்களுக்கு சேதராப்பட்டு கம்பெனில டூட்டி ஆச்சே?"

"ஆளு மாத்திவுட்டுட்டு போறேன்."

மேனகா அவன் முகத்தைப் பார்த்தாள். "போயிட்டு வாங்க. ஆனா அங்க எல்லார் எதிர்லயும் கெஞ்சிக்கினு நிக்காதீங்க. அவளுக்குப் புடிக்காது."

மகள் அவனோடு பேசி ஐந்து மாதம் ஆகிறது. வீட்டில் சண்டை எதுவும் இல்லை. சாப்பிட்டாள், படித்தாள், தம்பியோடு ரிமோட்டுக்கு மல்லுக்கட்டினாள். அவன் இரண்டடி தள்ளி நிற்கும்போதே, "அம்மா, சோறு போடணுமான்னு கேளு," என்பாள். அவ்வளவுதான்.

எல்லாம் ஆனி மாதம் நடந்த மஞ்சள் நீராட்டு விழாவில் தொடங்கியது. தாங்கள் இருக்கும் கருவடிக்குப்பத்திலேயே மண்டபம் பிடித்து, கடன்பட்டாலும் பரவாயில்லை என்று அமர்க்களமாகச் செய்தான். தாய்மாமன் கமலக்கண்ணன் சீர்த்தட்டுகளோடு வந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்திருந்த பூவிழிக்கு மாலையின் கனமும், புழுக்கமும், இத்தனை பேர் வெறித்துப் பார்ப்பதும் சேர்ந்து அழுகை வந்துவிட்டது. உதடு பிதுங்கி, மை கரைந்து, மூன்று வயதில் அழுத அதே அழுகை. மதிவாணனுக்கு அது கொள்ளை அழகாகத் தெரிந்தது. வீடியோ எடுத்து அன்றைக்கே ஃபேஸ்புக்கில் போட்டான், எல்லோரும் பார்க்கும்படி. மறுநாள் நானூறு பேர் லைக் போட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமைக்குள் வகுப்பில் எவனோ அந்த முகத்தை மட்டும் வெட்டி வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டான். யாருக்கு மார்க் குறைந்தாலும், யார் திட்டு வாங்கினாலும், குரூப்பில் பூவிழியின் அழுத முகம்தான் வந்து விழுந்தது.

"அத எடுத்துடு," என்று வந்து நின்றாள்.

அவன் சிரித்தான். "இதுல இன்னா இருக்கு பாப்பா? எல்லாரும் ஆசையாதான பாக்குறாங்க? பிரான்சுல இருக்கிற பெரிய மாமா இன்னும் பாக்கல. அவரு பாத்துட்டா எடுத்துடுறேன்."

நான்காம் நாள்தான் எடுத்தான். அதற்குள் பேச்சு நின்றுவிட்டிருந்தது.

முன்பெல்லாம் அவன் வேலை விட்டு வந்து குளிக்கப் போனால், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு அன்றைய பள்ளிக்கூடத்துக் கதை முழுவதையும் கொட்டுவாள். "கேக்குறியா?" "கேக்குறேன், சொல்லு." தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தத்தில் பாதி காதில் விழாது. காதில் விழாமல் போன அந்தப் பாதிக்காக இப்போது ஏங்கினான். சில நாள் சொம்பைக் கையில் பிடித்தபடி, ஊற்றாமல், கதவுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நிற்பான். டி.வி. சத்தம்தான் கேட்கும்.

சனிக்கிழமை காலை வகுப்பில் பெஞ்சுகளை எதிரெதிராகப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் பெற்றோர், எதிரே பிள்ளைகள். டீச்சர் செந்தமிழ்ச்செல்வி ஆளுக்கொரு கேள்வித்தாள் கொடுத்தார். "இன்னிக்கு இவங்கதான் டீச்சர். சொன்னபடி கேக்கணும்," என்றார் பெற்றோரைப் பார்த்து.

பக்கத்து பெஞ்சில் ஆட்டோ ஓட்டும் பாவாடை என்பவர், மகள் மாலாவிடம் மாட்டிக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தார்.

"உன் பாஸ்வேர்டு இன்னாப்பா?"

"ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு."

"ஐயோ! யாரு கேட்டாலும் சொல்லக் கூடாதுப்பா!"

"நீதானடி கேட்ட?"

"நான் கேட்டாலும் சொல்லக் கூடாது."

"அப்ப எதுக்குடி கேட்ட?"

வகுப்பே சிரித்தது. பூவிழியும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு தன் பக்கம் திரும்புவாள் என்று மதிவாணன் காத்திருந்தான். திரும்பும்போது முகம் சாதாரணமாகிவிட்டிருந்தது. தாளைப் பார்த்துக் கேட்டாள்:

"பெற்றோர் பெயர்?"

"உனக்குத் தெரியாதா?"

"மிஸ் கேட்டு எழுதச் சொன்னாங்க."

"மதிவாணன்."

எழுதிக்கொண்டாள். "தெரியாத நம்பர்லேருந்து லிங்க் வந்தா தொடுவீங்களா?"

நீங்க! பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்று வளர்ந்த பெண். பேங்கில் டோக்கன் கொடுக்கிறவர்கள் கேட்பதுபோல் இருந்தது. ஆனாலும் தன்னைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் அவசரப்படாமல், இழுத்து இழுத்துப் பதில் சொன்னான். தாள் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று இருந்தது.

ஐந்தாவது கேள்விக்கு வந்தாள். குரல் மாறவில்லை.

"உங்கள் பிள்ளையின் படத்தையோ வீடியோவையோ போடுவதற்கு முன் பிள்ளையிடம் கேட்டீர்களா?"

"இல்ல."

டிக் போட்டாள். "எடுக்கச் சொன்னபோது உடனே எடுத்தீர்களா?"

"மூணு நாள் ஆச்சு."

"அதுக்குக் கட்டம் இல்ல. ஆமா, இல்ல, ரெண்டுதான் இருக்கு."

"இல்லன்னு போடு."

அவள் பேனாவை வைப்பதற்குள் அவன் சொல்லிவிட்டான், தாளில் இல்லாததை. "மாமா பாக்கணும்னு சொன்னது பொய். மாமா மொத நாளே பாத்துட்டாரு. லைக் ஏறிக்கினே இருந்திச்சு. கம்பெனில எல்லாரும் கேட்டானுங்க. எனக்கு அது நல்லா இருந்திச்சு. அதான் எடுக்கல."

பாவாடை அங்கே கைரேகை வைத்துப் போனைத் திறக்க முடியாமல் சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார். பூவிழி தாளையே பார்த்தாள்.

"அந்த மூணு நாளும் நான் ஸ்கூலுக்கு வந்தேன்," என்றாள். "லீவு போடல."

மதிவாணன் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தான். அதைக் கேட்டால் அவள் ஏதாவது சொல்லியாக வேண்டும். அவளை அப்படி நெருக்க மனம் வராமல் விட்டுவிட்டான்.

வகுப்பு முடிந்தது. "பிள்ளைங்களோட படம் எடுத்துக்கலாம். கேட்டுட்டு எடுங்க!" என்றார் செந்தமிழ்ச்செல்வி. பெஞ்சுகள் நகர்ந்தன. ஒரே கூச்சல். பாவாடை மகளிடம் கைகூப்பி, "அம்மா தாயே, எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மதிவாணனின் போனில் ஆனி மாதத்துக்குப் பிறகு மகள் படம் ஒன்றுகூட இல்லை. அந்த ஐந்து மாதத்தில் அவள் கொஞ்சம் உயர்ந்திருந்தாள். ஜடை போடும் விதம்கூட மாறியிருந்தது. போனைக் கையில் எடுத்தான்.

"எடுத்துக்கட்டுமா? யாருக்கும் அனுப்ப மாட்டேன். எனக்குதான்."

இந்தத் தடவை அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். "வேணாம்."

"சரி," என்று போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

அது மறுபடி வெளியே வருமா என்று பார்ப்பதுபோல், பூவிழியின் பார்வை அந்தப் பாக்கெட்டிலேயே சற்று நேரம் நின்றது. பிறகு கேள்வித்தாளை நாலாக மடித்தபடி, "அந்த ஸ்டிக்கர இன்னும் ரெண்டு பேரு வச்சிக்கினு இருக்காங்க," என்றாள். "நேத்துகூட போட்டாங்க."

"யாரு? பேர சொல்லு. இங்கதான இருக்கானுங்க? அவங்க அப்பன் எவன்?" அவன் எழுந்தே விட்டான்.

"பாத்தியா? இதுக்குதான் உன்கிட்ட சொல்லல."

மதிவாணன் உட்கார்ந்தான். காது சுட்டது. ஐந்து மாதம் கழித்துக் கிடைத்ததை அரை நிமிடத்தில் கெடுத்துவிட்டோமோ என்று பயந்துபோனான்.

"இன்னா பண்ணணும்? நீ சொல்லு. செய்யறேன்."

"போன்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன். மிஸ்கிட்ட காட்டணும். அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாங்க." மடித்த தாளை இன்னொரு மடிப்பு மடித்தாள். "தனியா போயி சொல்ல ஒரு மாதிரியா இருக்கு. நீ சும்மா பக்கத்துல வந்து நில்லு. எதுவும் பேசக் கூடாது."

"பேச மாட்டேன்."

"சண்ட போடக் கூடாது."

"மாட்டேன்."

செந்தமிழ்ச்செல்வி மேசையில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பூவிழி முன்னால் போனாள். அவன் ஒரு அடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்னம்மா பூவிழி?" என்றார் டீச்சர்.

அவள் ஒருமுறை திரும்பி, அவன் நிற்கிறானா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு சொல்லத் தொடங்கினாள்.