ராம்பிரவேஷின் சட்டை

…மூன்றாவது பொத்தானைப் போடவேண்டாம், போட்டால் இறுக்குகிறது, அவனுக்கு மட்டும் இந்தச் சட்டை கொடியில் கிடப்பதுபோல் தொங்குகிறதே, விசைத்தறிப் பஞ்சைத் தின்று தின்று உள்ளே போய்விட்ட மார்பு, அந்த மார்பில்தான் எவளோ தலைவைத்துத் தூங்குகிறாள், தூங்கட்டும், இன்று மாலை மட்டும் சட்டை என்னுடையது, சட்டைக்குள் இருக்கிற ராம்பிரவேஷும் நான்தான்… லால்முனி கண்ணாடித் துண்டைச் சுவரில் சாய்த்து, அடுப்புக்கரியை விரலில் தொட்டு மேலுதட்டில் மீசை இழுத்தாள். இடதுபக்கம் சற்றுத் தடித்துவிட்டது. அவன் மீசையும் அப்படித்தான், பதினோரு வருஷத்தில் அவனை மொத்தம் எத்தனை நாள் பார்த்திருப்பேன், ஆனாலும் கோணல் கைக்கு மறக்கவில்லை பார். வெளியே முற்றத்தில் பெண்கள் கூடிவிட்டார்கள், டோலக்கை யாரோ தட்டித் தட்டிச் சரிபார்க்கிறார்கள். கொழுந்தனுக்குக் கல்யாணம், மூன்று மணிக்கெல்லாம் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆண்கள் அத்தனை பேரும் கண்டக் ஆற்றைத் தாண்டிப் பெண்வீட்டுக்குப் போயாகிவிட்டது, நடக்கமுடியாத கிழவர்களைக்கூட ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள், இனி நாளை மதியம்வரை இந்த வீட்டில் ஆண்வாடை கிடையாது. அவர்கள் ஆணியில் விட்டுப்போன வேட்டியும் சட்டையும் எங்களுக்கு, டோம்கச் ஆடுவோம், நாங்களே புருஷன், நாங்களே போலீஸ், நாங்களே குடிகாரன், எதை வேண்டுமானாலும் பேசலாம், யாரை வேண்டுமானாலும் திட்டலாம், கோபித்துக்கொள்ள ஒருத்திக்கும் உரிமை இல்லை. அந்த ஒன்றை நம்பித்தான் நான்கு நாளாக வாயைத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

அட்டை பையில் இருக்கிறதா? இருக்கிறது, நாலாக மடித்து, நெஞ்சுக்கு நேராக. நான்கு நாளைக்கு முன்னால் இதே பையில்தான் கிடைத்தது, அவன் சூரத்திலிருந்து வந்து இறங்கிய அன்று, ரயில் அழுக்கோடு சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குளிக்கப் போனான், துவைக்கப் போடுமுன் பையைத் துழாவுவது வழக்கம், பீடித்துண்டு இருக்கும், தீப்பெட்டி இருக்கும், இந்தமுறை மஞ்சள் அட்டை. கூரை பிய்ந்துபோன வீடுகள்போல எழுத்துகள், நம் இந்தி எழுத்துதான், மேலே ஓடும் கோட்டை மட்டும் யாரோ உருவிக்கொண்டு போயிருந்தார்கள், சூரத்துக்காரர்கள் அப்படித்தான் எழுதுவார்களாம். எட்டாவது வரை படித்தவள் நான், எழுத்துக்கு எழுத்து கூரை போட்டுப் போட்டு, அடுப்பு ஊதுகிற சாக்கில், சாணி தட்டுகிற சாக்கில், இரண்டு நாளில் படித்துவிட்டேன். தகப்பன் பெயர் முதலில் வந்தது, ராம்பிரவேஷ்பாய்… பாய்! அங்கே போன இடத்தில் பெயருக்கு அண்ணன் என்று ஒரு வால் முளைத்திருக்கிறது. தாய், ஹன்சா. குழந்தை, கிஞ்சல். பெண் குழந்தை, வயது மூன்று. கடைசியாகத் தடுப்பூசி போட்ட தேதி அவன் ரயில் ஏறியதற்கு முந்தின நாள். ஆக, இவன்தான் இடுப்பில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான், ஊசி குத்தும்போது கண்ணை மறைத்திருப்பான், அழாதே அழாதே என்றிருப்பான்… மூத்தவள் பபிதாவுக்கு அம்மை வார்த்து ஒன்பது நாள் கிடந்தாளே, அப்போது போனில் என்ன சொன்னான்? மெஷின் சத்தம், ஒண்ணும் கேக்கல, அப்புறம் பேசு. மூன்று வயதென்றால் அது பிறந்த வருஷம்தான் ஹோலிக்கு வரவில்லை, முதலாளி விடமாட்டேன் என்கிறான் என்றான். முதலாளிக்கு நான் எத்தனை சாபம் கொடுத்தேன், பாவம் அந்த மனுஷன்.

நேராகக் கேட்டால் என்ன சொல்வான்? கூட வேலை பார்க்கிறவன் குழந்தை, அவன் பேரும் என் பேரும் ஒண்ணு… சொல்லிக்கொண்டே அட்டையை அடுப்பில் போடுவான். பஞ்சாயத்தில் வைத்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் லூதியானா, சூரத், திருப்பூர் போய்வந்தவர்கள், தொண்டையைச் செருமிக்கொண்டு வீட்டு விஷயம் வீட்டுக்குள் என்பார்கள். பெண்வீட்டுக்குக் கூடவே போயிருக்கிறதே நாச் ஆட்டக் கோஷ்டி, அதில் ஒருவன் இருக்கிறான், இரண்டுமுறை முகம் மழித்து, புடவை கட்டி, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, போனவன் வரவில்லையே என்று தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பான். போன வருஷம் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் மாடியிலிருந்து பார்த்தேன், முன்வரிசையில் ராம்பிரவேஷ், துண்டால் கண்ணைத் துடைக்கிறான், தோள் குலுங்குகிறது, பக்கத்திலிருப்பவன் தட்டிக்கொடுக்கிறான். புடவை கட்டிய ஆம்பளை அழுதால் இவர்களுக்கு நெஞ்சு இளகுகிறது, புடவைக்காரியே அழுதால் தலைவலி. அவன் கிடக்கட்டும். இவள்? இந்த அத்தை, தேவ்கலி, அவனைப் பெற்றவள்? அடிபம்பில் பத்துப்பேர் நிற்கும்போதுதான் அவளுக்கு வாய் திறக்கும். ஏ பபிதா அம்மா, தறியில கூட தினுசு தினுசா துணி வருது, உன் வயித்துல மட்டும் ஒரே தினுசா? பத்துப்பேரும் சிரிப்பார்கள், குடம் நிரம்பி வழியும். ஒரு பையன் இருந்தா என் மகன் எதுக்கு பரதேசத்துலயே கிடக்கப்போறான்? அந்தப் பத்துப்பேரும் இன்று முற்றத்தில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால், அவள் மகன் வாயாலேயே, அவள் மகன் சட்டையிலேயே சொல்லவைக்கிறேன். அவள் தலை குனியவேண்டும். நான் குனிந்த அளவுக்குக் குனிந்தால் போதும், அதற்குமேல் ஆசையில்லை… பொய். அதற்குமேலும் ஆசை இருக்கிறது.

“எலேய், சூரத் வண்டி வந்தாச்சா இல்லையா?” வாசலில் ஜடாவதி சின்னத்தையின் குரல், மாமனாரின் தம்பி மனைவி, தலையில் குக்கர் மூடியைத் தொப்பியாகக் கட்டிக்கொண்டு கையில் கரண்டியோடு ரயில்வே போலீஸாகி நிற்கிறாள். லால்முனி பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டாள். நடை தானாக வந்தது, வலதுகாலைச் சற்று இழுத்து, வீட்டு வாசலுக்கு முன்னால் ஒரு இருமல், நான் வந்துவிட்டேன் என்று யாருக்கும் சொல்லாமல் எல்லாருக்கும் சொல்லும் இருமல். முற்றமே கூவியது, அச்சு ராம்பிரவேஷ், அச்சு அவனேதான்! வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, யாரோ லாந்தரைத் தூணில் மாட்டினார்கள். டிக்கெட் எடுடா என்றாள் சின்னத்தை. டிக்கெட் இல்லீங்க, சூரத்துலேருந்து நின்னுக்கிட்டே வரேன். பெட்டியில என்ன? நைலான் புடவைங்க. யாருக்குடா? எவ முதல்ல வாசலுக்கு வர்றாளோ அவளுக்கு! சிரிப்பில் ஒருத்தி டோலக்கின்மேலேயே சாய்ந்துவிட்டாள். எவ்வளவு சுலபமாக வருகிறது, யார் முகத்தையும் பார்க்காமல் நடக்கலாம், பார்க்காமல் தண்ணி என்று கேட்கலாம், கேட்டதும் நாலு சொம்பு நீள்கிறது, இந்தச் சட்டைக்குள் இருப்பது இவ்வளவு சுகமா, இந்தச் சுகத்தை விட்டு அவன் எதற்கு என் பக்கம் திரும்பப்போகிறான்… வேண்டாம், அவனுக்காக யோசிக்காதே, அட்டையை நினை.

பெண்டாட்டி யாரு, பெண்டாட்டி யாரு என்று கூட்டம் கத்தியது, மாப்பிள்ளையின் அம்மா ஆடாமல் டோம்கச்சா என்று தேவ்கலியைப் பிடித்து இழுத்தார்கள், இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, அவளாகவே எழுந்து முந்தானையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு துடைப்பத்தோடு வந்து நின்றாள். லால்முனி தலைப்பெட்டியைக் கீழே இறக்கி வைத்தாள், நான் தேடிப்போகவேண்டும் என்றிருந்தேன், தானாக வந்து எதிரில் நிற்கிறாளே.

“வந்துட்டீரா மகாராஜா? வழி ஞாபகம் இருந்துச்சா, நாய் கூட்டிட்டு வந்துச்சா?”

“நாய்க்கு ஞாபகம் இருந்துச்சு. எனக்கு இல்ல.”

“மூஞ்சிக்கு மூணு சோப்பு போட்டிருக்கே, யாரு போட்டு விட்டது?”

“நானேதான்.”

“முதுகுக்கு?”

முற்றம் வெடித்தது. துடைப்பம் விழுந்தது, முதலில் தோளில், பிறகு முதுகில், பிறகு அதே இடத்தில் மறுபடி. விளையாட்டு அடி இல்லை, ஈர்க்குச்சி சட்டையைத் தாண்டிச் சுடுகிறது. யாருக்கு விழுகிறது இது? எனக்கா, இவள் மகனுக்கா, இருபத்திரண்டு வருஷம் கல்கத்தா சணல் ஆலையில் இருந்துவிட்டு இருமலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து செத்துப்போன மாமனாருக்கா? முந்தானைக்குக் கீழே மூச்சு இரைக்கிறது, பற்களைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், இந்தக் கிழவிக்குள் இவ்வளவு இருந்ததா… இரக்கப்படாதே. இப்போதுதான். இப்போது விட்டால் எப்போதும் இல்லை. லால்முனி துடைப்பத்தை ஒருகையால் பிடித்துக்கொண்டு மறுகையால் பையிலிருந்து அட்டையை உருவி லாந்தர் வெளிச்சத்தில் உயர்த்தினாள். “அடிக்காதே! அங்க எனக்கு இன்னொரு வீடு இருக்கு. அவ பேரு ஹன்சா. மூணு வயசுல குழந்தை இருக்கு. இதோ பாரு, தடுப்பூசி அட்டை, தகப்பன்னு போட்டு என் பேரு எழுதியிருக்கு!”

ஒரு கணம், ஒரே ஒரு கணம், டோலக் நின்றது. பிறகு சிரித்தார்கள். அதற்கு முன்னால் சிரித்ததெல்லாம் சிரிப்பே இல்லை என்பதுபோல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து. ஐயோ, அட்டையெல்லாம் வச்சிருக்கா பாரு, எங்கேருந்துடி பிடிச்ச, என்று சின்னத்தை பிடுங்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் கொடுத்தாள், கைக்குக் கை போனது, ஒருத்தி தலைகீழாகப் பிடித்துப் பார்த்து ரேஷன் அட்டைடி இது என்றாள், ஒருத்தி அதால் விசிறிக்கொண்டாள். நிஜமாத்தான் என்றாள் லால்முனி. நிஜமாத்தானாம்! நிஜமாத்தான் சொல்றேன், கேளுங்க! அதை டோலக் தாளத்தில் பிடித்துக்கொண்டார்கள், நிஜமாத்தான் நிஜமாத்தான் என்று பாட்டாகவே ஆக்கி, கைதட்டி, சுற்றிச் சுற்றி ஆடினார்கள். கோபித்துக்கொள்ள உரிமை இல்லாத இடத்தில் நம்பவும் ஒருத்திக்கும் கட்டாயம் இல்லையே, இது ஏன் நான்கு நாளாக எனக்குத் தோன்றவில்லை… அழுதால் அதற்கும் சிரிப்பார்கள். மீசையோடு அழுகிற ராம்பிரவேஷ். அட்டை திரும்ப அவள் கைக்கு வந்தபோது ஓரத்தில் யாருடைய விரல் மஞ்சளோ ஒட்டியிருந்தது.

சட்டைக் காலரை ஒரு கை பற்றியது. தேவ்கலி. புருஷனைப் பிடித்து உலுக்கும் பெண்டாட்டியைப்போலத்தான் உலுக்கினாள், பார்க்கிறவர்களுக்கு ஆட்டம், முந்தானைக்குள் இழுத்து முகத்துக்கு முகம் வைத்து, ஆட்டக்குரலில் இல்லாமல், மூச்சுக்காற்றாகக் கேட்டாள்: “பையனா?”

அவள் யார் என்று கேட்கவில்லை. நிஜமா என்று கேட்கவில்லை. அப்படியென்றால் இவளுக்குத் தெரியும், இல்லை, தெரியாமலேயே தெரியும், கல்கத்தாவிலிருந்து வந்த பெட்டிகளைத் திறந்து திறந்து இந்த மூக்குக்கு எல்லா வாசனையும் பழக்கம். தலை குனிவாள் என்று பார்த்தால் கண்ணை அகலத் திறந்துகொண்டு நிற்கிறாள், பசித்தவள் அடுத்த வீட்டு அடுப்பைப் பார்ப்பதுபோல. லால்முனிக்குப் புரிந்தது, கையில் இருப்பது அட்டை இல்லை, ஒரு சொல். பெண் என்றால் இந்த முகம் இப்போதே அணைந்துவிடும், இன்றோடு தீர்ந்துவிடும், நாளை அடிபம்பில் வேறு பேச்சு. தீரக்கூடாது. சாகிறவரை மேற்கே பார்த்துக்கொண்டு உட்காரட்டும், வராத ரயிலை எண்ணட்டும், மகனிடம் கேட்கவும் முடியாமல், கேட்காமல் இருக்கவும் முடியாமல், இருக்கிற பேரனைத் தொடமுடியாமல் நெஞ்சு காய்ந்து…

“பையன்” என்றாள், ராம்பிரவேஷின் குரலில்.

காலரிலிருந்த கை தளர்ந்தது, ஆனால் விடவில்லை. தேவ்கலியின் முகத்தில் அழுகையா சிரிப்பா தெரியவில்லை, லாந்தர் அவள் முதுகுப்பக்கம் இருந்தது. எரிகிறதா, நன்றாக எரியட்டும், பதினோரு வருஷம் எனக்கு எரிந்தது… “பேரு?” என்றாள் தேவ்கலி, இன்னும் மெதுவாக, கெஞ்சுவதுபோல. பெயர்? பெயரை யோசித்து வைக்கவில்லையே, ஏதாவது ஒன்று, தெருவில் ஆயிரம் பெயர் ஓடுகிறது, சட்டென்று ஏதாவது ஒன்று, வாய் திறந்தது. “உதயபான்.”

அது ராம்பிரவேஷின் குரல் இல்லை. லால்முனிக்கே காதில் விழுந்தது, அது தன் குரல். சின்னவள் பிறந்தபிறகு சத் பூஜைக்கு ஐந்து வருஷம், இடுப்பளவு குளிர்த் தண்ணீரில் கிழக்கே பார்த்து நிற்கும்போதெல்லாம், சூரியனிடம் மட்டும், உதட்டை அசைக்காமல் பிறக்கப்போகிற மகனுக்கென்று சொல்லிச்சொல்லி வைத்த பெயர், அவனிடம்கூடச் சொன்னதில்லை, சொன்னால் தங்காது என்று… அதை எடுத்துக் கொடுத்துவிட்டேனே, ஹன்சாவின் வீட்டுக்கு, இல்லாத குழந்தைக்கு. எதிரே தேவ்கலியின் உதடுகள் அதை ஒவ்வொரு எழுத்தாக, சத்தமில்லாமல், வாயில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன. ரயில் கெளம்புது, ஏறுடா, என்று சின்னத்தை கரண்டியால் முதுகில் குத்தினாள். அந்தப் பெயரைத் திருப்பிக் கேட்கவேண்டும், இப்போதே, அவளுக்கு அது பழகுவதற்குள், ஆனால் யார் குரலில் கேட்பது…