சோதனை ஓட்டம்

ஃப்ரீசர் பெட்டியின் முன்பாதி வாசற்படியைத் தாண்டிவிட்டது; பின்பாதி மாடிப்படிப் பக்கமே நின்றது. கூடத்தின் மூன்று சுவர்களையும் ஒட்டி, இடுப்பு உயர மேசைகளின்மேல், ஆராவமுதன் அமைத்த சின்ன ரயில்பாதை வளைந்து சென்றது. மேசைகளை அகற்றாமல் பெட்டியை உள்ளே திருப்ப இயலாது.

"ஸ்வல்ப ஜாக பேக்கு, அம்மா," என்று பெட்டிக்காரர் கன்னடத்தில் பணிவாகக் கொஞ்சம் இடம் கேட்டுக்கொண்டு, சுமையைத் தரையில் இறக்கினார்.

ஆராவமுதன் படுக்கையறையில் கிடந்தார். விடியற்காலை உறக்கத்திலேயே உயிர் பிரிந்திருந்தது. மகன் சுஹாஸ் டொராண்டோவிலிருந்து வந்துசேர மறுநாள் இரவாகும். அதுவரை அவரைக் கூடத்தில் வைத்திருக்க வேண்டும்.

"மன்னி, இன்னும் என்ன யோசனை? உடைச்சு எறியச் சொல்லுங்கோ," என்றாள் நாத்தனார் ஸ்ரீலக்ஷ்மி. "கட்டின பொண்டாட்டியை விட்டுட்டு அண்ணா இந்த பொம்மையோடதானே குடும்பம் நடத்தினார்!"

அதில் பொய் ஏதும் இருப்பதாக மனைவி கோமளத்துக்குத் தோன்றவில்லை. பொதுப்பணித் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பின் அவருக்கு இதுவே உலகம். வெளிநாட்டிலிருந்து சின்ன மாதிரி டீசல் எஞ்சின்களை வரவழைப்பார். அவற்றின் மூக்கை அறுப்பார், ஓட்டுநர் அறையை இடம் மாற்றுவார். ரயில்வே பணிமனையில் பிரித்துப் புதுப்பித்த நம்மூர் எஞ்சின்களைப் போலவே அவற்றை ஆக்குவார். கே.ஆர். புரம் ரயில் நிலையத்தில் நின்று அசல் எஞ்சின்களைப் படமெடுத்து வருவார். எந்த எஞ்சினுக்கு எந்த ஜன்னல் அடைக்கப்பட்டது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தனக்கு முழங்கால் வலி எந்தக் காலில் என்பது அவருக்குத் தெரியுமா என்று கோமளம் எண்ணியதுண்டு.

பெட்டியைச் சுற்றிக்கொண்டு பாலகுமார் உள்ளே வந்தார். மாதிரி ரயில் செய்பவர்களின் குழுவில் ஆராவமுதனுக்கு நண்பர். கோமளம் அன்றுதான் அவரை முதன்முதலாகப் பார்த்தாள்.

"உடைக்க வேணாம் மேடம், எல்லாம் போல்ட்தான். நான் கழட்டித் தரேன்."

ஒயரைப் பிடுங்கக் குனிந்தவர், பாதையில் நின்ற நீல எஞ்சினைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"புது கியர் போட்டது இதானா? நேத்து கூட கேட்டேன், முடிஞ்சுதா சார்னு. இன்னும் கிச்சன்ல பாஸ் ஆகலப்பான்னாரு."

"கிச்சன்லயா?"

"நீங்கதானே மேடம் இன்ஸ்பெக்டர்! குரூப்ல உங்களுக்கு அதான் பேரு, கோவிச்சுக்காதீங்க. இங்க ஓட்டிப் பாப்பாராம். உள்ளேர்ந்து நீங்க சத்தம்னு திட்டினா திரும்பக் கழட்டுவாராம். திட்டலைன்னா எஞ்சின் பாஸ். 'என் காது போச்சுப்பா, அவ காதுதான் கணக்கு'ம்பாரு."

கோமளம் கத்தியதுமே கூடத்தில் ஓசை அடங்கிவிடும். கோபித்துக்கொண்டு நிறுத்துகிறார் என்றே இத்தனை வருஷமும் எண்ணியிருந்தாள்.

"ஒரு தரம் ஓட்டுங்கோ," என்றாள்.

"இப்பவா மேடம்?"

"மன்னி! புத்தி பேதலிச்சுடுத்தா? அண்ணா உள்ளே கிடக்கறார்!"

"இதைக் கழட்டிட்டா அப்புறம் ஏது, லக்ஷ்மி?"

பெட்டிக்காரரிடம், "ஒந்து நிமிஷ, அப்பா," என்று சொல்லிவிட்டு, அவள் சமையலறைக்குள் சென்றாள்.

அன்று அடுப்பு மூட்டப்படவில்லை. வழக்கமாகக் காய் நறுக்கும் இடத்தில், சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டாள்.

எஞ்சின் புறப்பட்டது. நேர்பாதையில் ஓசையே இல்லை. ஜன்னலோர வளைவில் மட்டும் கியரின் ஒரு பல் இன்னொன்றை மெல்ல உரசியது. பிறகு மீண்டும் அமைதி. மிகச் சிறிய உரசல்தான், விட்டுவிடலாம். அவள் வாய் திறவாதிருந்தால் எஞ்சின் தேறிவிடும். அவருடைய வேலையும் முடிந்துவிடும்.

எஞ்சின் மறுபடி வளைவுக்கு வந்தது.

"ஏன்னா!" என்று கோமளம் உரக்கக் கத்தினாள். "உரசறது!"

வாசலில் நின்றவர்கள் படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்ரீலக்ஷ்மி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாலகுமார் எஞ்சினைக் கையிலெடுத்து, தலைகீழாகத் திருப்பி, அடிப்பக்கத்துத் திருகைக் கழற்றத் தொடங்கினார்.