வாயைத் திறந்தால்

தையல் கடைச் சகோதரிகளில் மூத்தவளின் வாயிலிருந்து முதல் முத்து விழுந்தது, புகுந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில். கல்யாணமாகி வந்ததிலிருந்து அதிகம் பேசாதவளைப் பார்த்து மாமியார், "ஏம்மா, வாயைத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்று கேட்டிருந்தார். எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான். அதெல்லாம் ஒன்றுமில்லை அத்தை என்று அவள் வாயைத் திறந்தாள், உதிர்ந்தது. மாமியார் அதை எடுத்துப் பல்லில் தேய்த்துப் பார்த்தார். அசல் முத்து.

அவளுடைய தங்கைக்கு இதில் பெரிய வியப்பில்லை. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லும்போதெல்லாம் அவள் வாயிலிருந்து சின்ன வயதிலிருந்தே தவளை குதித்தது. சம்பந்தம் பேச வந்தவர்கள் பாதியில் எழுந்து போனார்கள். அவள் தையல் கடையைத் தனியாகப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தாள். தெரு அவளைப் பாவம் என்றது, அக்காவைக் கொடுத்துவைத்தவள் என்றது. இப்படிச் சொல்வதற்குத் தெருவுக்குச் செலவு ஒன்றுமில்லை.

அக்காவின் கணவன் எலக்ட்ரிக் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்தான். அவளைப் பேசவைப்பதே வேலை. சாதாரணப் பேச்சுக்குக் கடுகளவு முத்துதான் வந்தது. ஒருநாள் கதவிடுக்கில் விரல் நசுங்கி அவள் வலிக்கிறது என்றபோது நெல்லிக்காய் அளவில் ஒன்று விழுந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் கதவுகள் அடிக்கடி சாத்தப்பட்டன. இதற்கு மேல் நாகரிகமாக எழுத எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீடுகளுக்கு எல்லாம் கேட்டது. அவர்கள் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்கள். எங்கே வலிக்கிறது என்று கணவன் டாக்டர் மாதிரி விசாரிப்பான். அவள் சொல்லும்போது கேட்டவன் முத்துப் பொறுக்கத் தரையில் தவழ்ந்துகொண்டிருப்பான். தொண்டை புண்ணாகி முத்துக்கள் சிவப்பாக விழ ஆரம்பித்ததும், சிவப்புக்குத்தான் மவுசு என்று மாமியார் சந்தோஷப்பட்டார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்று அவள் கெஞ்சிய வார்த்தைகளையும் பொறுக்கி டப்பாவில் போட்டார்கள்.

தைத்த சட்டையைக் கொடுக்க வந்த தங்கை, அக்காவின் விரல்களைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுக்கா. எல்லாத்தையும் சொல்லு."

அக்கா சொன்னாள். முத்துக்கள் கொட்டி அலமாரிக்கு அடியில் உருண்டன. தாயும் மகனும் பின்னாலேயே தவழ்ந்தார்கள். தங்கை ஒருமுறைகூடக் குனியவில்லை. சொல்லி முடித்ததும் அக்காவின் கையைப் பிடித்து நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். அவர்கள் போனதை அந்த வீட்டில் வெகுநேரம் யாரும் கவனிக்கவில்லை.

புண் ஆறிய பிறகு கணவன் தெருப் பெரிய மனிதர்களோடு தையல் கடைக்கு வந்தான். குடும்பம் என்றால் முன்னே பின்னே இருக்கும், அனுசரித்துப் போகவேண்டும் என்று அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். வெட்கங்கெட்டவர்கள். காஜா எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு வாயைத் திறந்தாள். பழக்க தோஷத்தில் கணவன் இரண்டு கையையும் ஏந்தினான்.

"வர மாட்டேன்."

அவன் கையில் விழுந்தது நல்ல கொழுத்த தவளை. அது அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குதித்து, தையல் மெஷினுக்கு அடியில் மற்றத் தவளைகளோடு போய் உட்கார்ந்தது. தங்கை தையலை நிறுத்தாமல், காலைக் கொஞ்சம் நகர்த்தி அதற்கும் இடம் விட்டாள்.