வழியனுப்ப வந்த வேன்

நாகர்கோவில் பக்கம் வெளிநாடு போகிறவர் ஒருவர்தான் என்றாலும், திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு ஒரு வேன் நிறையப் பேர் போவார்கள். பெற்றவர்கள், அத்தைமார், சித்தப்பன்மார், பக்கத்து வீட்டுக்காரர்கள், பள்ளிக்கு லீவு போட்ட பிள்ளைகள். வீட்டு வாசலில் ஓர் அழுகை. மார்த்தாண்டம் தாண்டியதும் பாட்டும் சிரிப்பும். ஏர்போர்ட்டில் இறங்கியதும் மறுபடியும் அழுகை. திரும்பும் வழியில் யாராவது ஒருவர் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுப்பார்.

சேலம் ஆத்தூரில் பிறந்து வளர்ந்த மேகலாவுக்கு இது தெரியாது. வினோஜைக் கல்யாணம் செய்து கன்னியாகுமரிக்குப் பக்கத்துக் கொட்டாரத்துக்கு வந்த மூன்றாவது மாதம் அவன் தம்பி குவைத்துக்குப் போனபோதுதான் முதன்முதலாக அந்த வேனில் ஏறினாள். கொழுந்தன் உள்ளே போய் வெகுநேரம் ஆகியும் யாரும் நகரவில்லை. மாமியார் ஞானத்திடம் மெல்லக் கேட்டாள்.

"அவர்தான் உள்ள போயிட்டாருங்களே அத்தை. நாம கெளம்பலாங்களா?"

"ஏட்டி, பிளேன் ஏறுத வரைக்கும் நிக்கணும்."

"எது அவரோட பிளேன்னு நமக்குத் தெரியாதுங்களே."

"தெரியாட்டா என்ன? நாம நிக்கது அவனுக்கும்தான் தெரியாது. ஆனாலும் நிக்கணும், கேட்டியா?"

வேனில் வந்தவர்கள் சிரித்தார்கள். ஞானம் சொன்னதற்கு அல்ல, மேகலாவின் 'ங்க'வுக்கு. "வினோஜ் பெண்டாட்டி நம்மளையும் கலெக்டரையும் ஒரே மாதிரி கூப்பிடுதா" என்றாள் ஒருத்தி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவளுக்குக் கலெக்டர் என்றே பெயர்.

பன்னிரண்டு வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது மேகலா மஸ்கட் போகிறாள். அங்கே ஓர் இந்தியப் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. அவளுக்கு வேன் இல்லை.

வினோஜும் அவளும் பிரிந்து ஐந்து வருஷமாகிறது. சண்டை, அடிதடி எதுவும் இல்லை. பிள்ளை இல்லாத வீட்டில் இரண்டு பேர் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஒருநாள் பேச எதுவும் மிஞ்சவில்லை. கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று ஆத்தூரிலிருந்து அண்ணன் போன் செய்தான். "வந்துரு மேகலா. அந்த ஊர்ல இனி உனக்கு என்ன இருக்குது?"

அவளால் போக முடியவில்லை. நாகர்கோவிலில் கோட்டாறு இளங்கடையில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்தாள். அவள் கணக்கு சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தின் மொட்டை மாடியில் நின்றால் மேற்கிலும் வடக்கிலும் மலை. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று கொடியில் போட்ட சேலையை இரண்டு வீடு தள்ளிக் கொண்டுபோய்ப் போடும். வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். கோட்டாறு கடைத்தெருவில் ஏலக்காயும் மிளகும் கருப்பட்டியும் கலந்து அடிக்கும் வாசனை. தண்ணீரை வெள்ளம் என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். இவை எல்லாம்தான் இருந்தன. அண்ணனிடம் போனில் சொல்லக்கூடிய காரணங்களா இவை?

இன்னொரு காரணமும் இருந்தது. ஞானம்.

ஞானம் நெற்றியில் நாமம் இல்லாமல் வெளியே வரமாட்டாள். சாமிதோப்பில் அய்யா கோயிலுக்குப் போகாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கழியாது. ஆனால் நாள் நட்சத்திரம் மட்டும் பார்க்கமாட்டாள். வினோஜ் கார் வாங்கியபோது வெள்ளிக்கிழமை எடுக்கலாம் என்று எல்லோரும் சொல்ல, "அய்யா தந்த நாளுல கெட்ட நாளு ஏதுடே? இன்னிக்கே ஓட்டிட்டு வா" என்றவள். ஆத்தூர்க்காரிக்கு மீனில் முள் எடுக்கக் கற்றுக்கொடுத்தது அவள்தான். மாதக்கணக்கில் தன் தட்டிலிருந்து சதையை மட்டும் பிய்த்து மேகலாவின் தட்டில் வைத்திருக்கிறாள். முதல்முறை 'ஏட்டி' என்று அவள் கூப்பிட்டபோது மேகலா அறைக்குள் போய் அழுதாள். "அம்மை ஏட்டின்னா கோவமில்ல, பிரியம்" என்று வினோஜ் விழுந்து விழுந்து சிரித்தான்.

விவாகரத்துக்குப் பிறகும் ஞானம் ஞாயிறுதோறும் மாடிப்படி ஏறி வந்தாள். வினோஜுக்கு மறுகல்யாணம் பேசும்வரை. கடைசியாக வந்த அன்று படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"மக்கா, பொண்ணு வீட்டுல ஒரே ஒரு சொல்லு கேட்டாவ. பழைய மருமவகிட்ட இனி பேச்சு வச்சுக்கப்பிடாதுன்னு. நான் வாக்கு குடுத்துட்டேன்."

"அவங்க கேட்டது நியாயந்தானுங்க அத்தை."

"அதாம்ட்டி எனக்குப் பொறுக்க மாட்டேங்கு. அநியாயம்னா சண்டை போட்டிருப்பேன்."

அஸ்வதி மருமகளாக வந்தாள். ஞானம் வாக்கைக் காத்தாள். போன மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டத்தில் மேகலா அவளைப் பார்த்தாள். இடுப்பில் பேரன். கைக்கெட்டும் தூரம். ஞானமும் பார்த்தாள், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, பேரனுக்குத் தேரைக் காட்டினாள். அன்று வீடு திரும்பிய மேகலா மஸ்கட் வேலைக்கு விண்ணப்பித்தாள். வாக்குக்காகத் திரும்பிய முகமா, மறந்துபோன முகமா என்று தெரியாமல் அதே ஊரில் இருக்க அவளால் முடியவில்லை.

டிக்கெட் வந்ததும் கீழ்வீட்டு ரிஃபாவிடம் ஓர் உதவி கேட்டாள். ஞானம் கோட்டாறு கடைத்தெருவுக்கு வரும்போது விஷயத்தைச் சொல்லவேண்டும். ஒரே ஒருமுறை வந்து முகத்தைக் காட்டினால் போதும், பேசவேண்டாம்.

ரிஃபா திரும்பி வந்தாள். "சொன்னேன் டீச்சர். அடுத்த மாசம் பத்தாம் தேதி புதன்கிழமை, மத்தியான பிளேன், காலையில வடசேரியிலருந்து பஸ்ஸுல போறாங்க, எல்லாம் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"கடைக்காரர்கிட்ட புளி என்ன விலைன்னு கேட்டாவ."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அரைக் கிலோ வாங்குனாவ."

அந்தப் புதன்கிழமை வந்தது. ரிஃபாவின் கணவன் சுஹைல் துபாயில் இருந்தான். அவளுக்கு எட்டு மாதம். "நான் கார் பிடிச்சு உங்ககூட வாறேன் டீச்சர். ஒத்தைக்குப் போனா நல்லாவா இருக்கும்?" என்று ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த வயித்தோட குண்டும் குழியுமான களியக்காவிளை ரோட்டுலயா? போய்ப் படு. செடிக்குத் தண்ணி ஊத்த மறந்துராத."

"வெள்ளம்னு சொல்லுங்க டீச்சர்" என்றாள் ரிஃபா. சிரிக்கத்தான் நினைத்தாள்.

வடசேரி பேருந்து நிலையத்தில் மேகலா இரண்டு பெட்டிகளோடு நின்றாள். முதல் திருவனந்தபுரம் பஸ் வந்தது. ஏறவில்லை. கன்னியாகுமரி பக்கமிருந்து வரும் ஒவ்வொரு டவுன் பஸ்ஸிலும் கொட்டாரத்து ஆட்கள் இறங்கினார்கள். வெள்ளைச் சேலை, நெற்றியில் நாமம் என்று யாரைப் பார்த்தாலும் நெஞ்சு எழும்பி உட்கார்ந்தது. இரண்டாவது பஸ்ஸும் போனது. மூன்றாவது பஸ் கண்டக்டர் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "பிளேன் உங்களுக்காவ நிக்காது கேட்டியளா, ஏறுங்க" என்றார். ஏறினாள்.

பார்வதிபுரம் பாலத்தில் பஸ் ஏறியபோது மலை தெரிந்தது. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்திருந்தாள், பார்த்தாள். பன்னிரண்டு வருஷம் வாழ்ந்த ஊர், தன் பாட்டுக்குக் கடை திறந்துகொண்டிருந்தது.

திருவனந்தபுரத்தில் பஸ்ஸிலிருந்து ஆட்டோ மாறி விமான நிலைய வாசலில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. உள்ளே போகும் வரிசையின் பக்கத்தில், கம்பித் தடுப்புக்கு வெளியே, ஒரு பெரிய கூட்டம் நின்றிருந்தது. பேச்சைக் கேட்டதுமே நம் ஊர் என்று தெரிந்தது. நடுவில் ஒரு வெள்ளைச் சேலை.

மேகலாவின் கை பெட்டியிலிருந்து நழுவியது.

ஞானம் தனியாக வரவில்லை. இடுப்பில் பிள்ளையோடு அஸ்வதி நின்றாள். ஞானத்தின் தம்பி மனைவி ரெஜிலா அழுதுகொண்டிருந்தாள். அவள் மகள் சுபிதா, புது மஞ்சள் தாலிக்கயிறும் பெரிய பெட்டியுமாக வரிசையில் கடைசியாக நின்றாள். கணவனிடம் மஸ்கட்டுக்குப் போகிறாள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. பள்ளி நாட்களில் மேகலாவிடம் கணக்குப் படித்தவள்.

வேறு வழியில்லை. மேகலா தலையைக் குனிந்துகொண்டு சுபிதாவுக்குப் பின்னால் போய் நின்றாள். சுபிதா திரும்பிப் பார்த்து, வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். கூட்டத்தில் பேச்சு ஒரு கணம் நின்று, பிறகு வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாகத் தொடர்ந்தது.

ஞானம் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். மேகலாவை அவள் பார்க்கவில்லை. கண் சுபிதா மேலேயே இருந்தது.

"ஏட்டி, மீன் தின்னும்போ முள்ளு பாத்துத் தின்னு. அவசரப்படாத."

"எனக்கா மாமி சொல்லுதிய?" என்றாள் சுபிதா. "பல்லு முளைக்கதுக்கு முன்னயே மீன் தின்னவ நான்."

கூட்டம் சிரித்தது. ஞானம் சிரிக்கவில்லை.

"சொல்லுதத கேளு. தலை குளிச்சா நல்லாத் தோத்திட்டுப் படு. ஈரத்தோட படுத்தா உனக்கு மூக்கடைக்கும்."

"எனக்கு எப்ப மாமி மூக்கடைச்சுது?"

"பேப்பர் திருத்திட்டே இருந்து சோத்த ஆறப் போட்டுராத."

சிரிப்பு நின்றது. "மைனிக்கு என்ன ஆச்சு? இவ எந்தப் பேப்பரத் திருத்தப் போறா?" என்றாள் ரெஜிலா, மூக்கைத் துடைத்துக்கொண்டே. சுபிதாவுக்கு இப்போது புரிந்துவிட்டது. அஸ்வதியின் முகத்தைப் பார்த்தால் அவளுக்கும் புரிந்துவிட்டது. மேகலா தரையைப் பார்த்தாள். ஒரு சண்டை வருமென்றுதான் நினைத்தாள்.

அஸ்வதி பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். "மாமி, பிள்ளைக்கு வெயிலு கொள்ளுது. நாங்க வேன் பக்கத்துல நிக்கோம்" என்றாள். குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. "நீங்க சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு வாங்க." ரெஜிலாவின் முழங்கையைத் தொட்டு அவளையும் கொஞ்ச தூரம் நகர்த்திக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஞானம் கம்பியை விடவில்லை. வரிசை நகர்ந்தது. சுபிதா நகரவில்லை, பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"இடி இடிச்சா..." என்றாள் ஞானம் கடைசியில். "இடி இடிச்சா பயப்படாத மக்கா. லைட்டப் போட்டுட்டுப் படு."

இடிச் சத்தத்துக்குப் பயந்து மாமியாரின் பாயில் வந்து படுத்துக்கொண்டவள் சுபிதா அல்ல. ஆனாலும் சுபிதா சொன்னாள். "சரி மாமி."

மேகலா கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். யாரையும் கூப்பிடவில்லை. காதில் வைத்துக்கொண்டாள்.

"சரிங்க அத்தை" என்றாள். "முள்ளு பாத்துத் தின்னுக்கறேனுங்க. தலையத் துவட்டிட்டுத்தான் படுப்பேன். நேரத்துக்குச் சாப்பிடறேன். நீங்க..." போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். "நீங்க முட்டி வலிக்கு மருந்து போட மறந்துராதீங்க. மாடிப்படியெல்லாம் ஏறாதீங்க. போயிட்டு வர்றேனுங்க அத்தை."

ஞானம் அப்போதும் அவளைப் பார்க்கவில்லை. சுபிதாவின் கன்னத்தைத் தடவினாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காவலர் பாஸ்போர்ட்டைக் கேட்டார்.

உள்ளே, பெட்டிகளைக் கொடுத்துவிட்டு இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். சுபிதா வளையலை உருட்டிக்கொண்டே சொன்னாள்.

"மைனி, நான் வெள்ளிக்கிழமைக்குத்தான் டிக்கெட் போட இருந்தேன். அவருக்கும் அன்னைக்குத்தான் லீவு. மாமிதான் ஒத்தக் கால்ல நின்னாவ. பத்தாம் தேதி புதன்கிழமை மத்தியானப் பிளேன், அதுதான் நல்ல நேரம்னு. எங்க அப்பா ஆச்சரியப்பட்டாவ. 'எக்கா, நீ எப்பம் நாள் பாக்க ஆரம்பிச்ச?'ன்னு கேட்டாவ."

சுபிதா மேகலாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்தைகூட உங்ககிட்ட பேசல, பாத்தியளா? அவ்வளவு வாக்கு சுத்தம்" என்று சொல்லி, அவளும் அழ ஆரம்பித்தாள்.

விமானம் ஓடி எழும்பியபோது மேகலாவுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்திருந்தது. நாகர்கோவில் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். மலையைக்கூடத் தேடவில்லை. கீழே, சரிந்துகொண்டே சிறிதாகும் கட்டடங்களுக்கு நடுவே, வண்டிகள் நிறுத்துமிடத்தைத் தேடினாள். ஒரு கணம் தெரிந்தது. வரிசையாக வேன்கள். எல்லாமே வெள்ளை.

அதில் எது என்று கண்டுபிடிப்பதற்குள் கடல் வந்துவிட்டது.